பாதி தகரம், பாதி துணி

நேசையாவுக்குப் பால்காரர் மேல் சந்தேகம், பால் மேல் சந்தேகம், அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஆள் மேலும் சந்தேகம். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறானோ என்று விரலை வேட்டியில் தேய்த்துப் பார்ப்பார். லில்லியைப் பெண் பார்க்கப் போன காலத்தில், முதலில் கோயிலுக்குப் போய் ஞானஸ்நான ரெஜிஸ்டரைப் புரட்டி வயதைச் சரிபார்த்துவிட்டுத்தான் பெண் வீட்டுப் படியேறினார் என்று சீவலப்பேரி ரோட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு. லில்லியிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள். "ரெண்டு தடவ போய்ப் பாத்தாவ" என்பாள்.

சீவலப்பேரி போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, பரீட்சை எழுதி, தாலுகா ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தவர். அறுபது வயதில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். கடிகாரம் ஓடுகிறதா என்று மேடையிலேயே காதில் வைத்துப் பார்த்தார். ஓடியது. எத்தனை நாளைக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம்.

ஆனால் பால், மீன், கடிகாரம் எல்லாம் ஒரு பக்கம். மழை அறிக்கை மேல் அவருக்கிருந்த சந்தேகம் தனி. அதற்குக் காரணம் இருந்தது. ஆற்றங்கரைத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் ஒன்பது வருஷம் மழைக் கணக்கை எழுதியவரே அவர்தான். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம், இப்போது அங்கே நல்ல பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். ஆபீசுக்குப் பின்னால் ஒரு மழைமானி உண்டு. தினம் காலை எட்டரைக்குப் போய், விழுந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று ரெஜிஸ்டரில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்தப் பின்பக்கத்தில் முள், சாரைப்பாம்பு, அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்களின் நாற்றம். ஆகவே நேசையா நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. டீ கொண்டு வருகிறவரின் தலை நனைந்திருந்தால் மூன்று மில்லிமீட்டர். சட்டையும் நனைந்திருந்தால் பன்னிரண்டு. வெறும் பன்னிரண்டு என்றால் மேலே சந்தேகப்படுவார்கள் என்று பன்னிரண்டு புள்ளி நாலு என்று போடுவார்.

அப்படிப்பட்டவரிடம் போய் மழை வருகிறது என்று டிவியில் சொன்னால் நம்புவாரா?

இந்த வருஷம் மகள் ஸ்டெபிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கிங்ஸ்லி, சேரன்மகாதேவி, பள்ளிக்கூட வாத்தியார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் கழிந்ததும் பாளையங்கோட்டை வட்டாரத்தில் தாலி கட்டுகிற கூட்டம் அணை உடைந்த மாதிரி வரும். சமையல்காரர் கிடைக்க மாட்டார், வேன் கிடைக்காது, பந்தல் கிடைக்காது. அதுவும் எந்தக் காலம்? மத்தியானம் ஆனால் மேற்கு மலையில் மேகம் குவிந்து, இடியும் மின்னலுமாக எந்த ஊர்த் தலையில் உடையும் என்று சொல்ல முடியாத காலம். வருஷா வருஷம் யாராவது ஒருவர் வீட்டுப் பிரியாணியில் மழை விழும். வருஷா வருஷம் மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த ஈஸ்டர் முடிந்து தங்கள் வீட்டுக் கல்யாணத்தை வைப்பார்கள்.

நேசையா ஈஸ்டருக்கு அடுத்த வாரத் திங்கட்கிழமையைப் பிடித்தார். பதினொரு மணிக்குச் சொந்த ஊர்க் கோயிலில் தாலி. சாப்பாடு கோயில் மைதானத்தில், அறுநூறு இலை. பந்தலுக்கு மேலப்பாளையம் அசன் மைதீனிடம் சொல்லியாயிற்று. துணிப் பந்தல், உள்ளே மஞ்சளும் வெள்ளையும் மடிப்பு. நேசையா வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் பந்தல்.

வியாழக்கிழமை அறிக்கை வந்தது. தென் மாவட்டங்களில் திங்கட்கிழமை வரை ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று. நேசையா டிவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இத எழுதினவன் நம்ம ஆளுதான். ஓரிரு இடம்னா எந்த இடம்? பெய்ஞ்சா அந்த இடம், பெய்யலைன்னா வேற இடம். எந்த அதிகாரியாவது அவன ஒரு கேள்வி கேக்க முடியுமா?"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எச்சரிக்கை என்று அவர் போனுக்கே குறுஞ்செய்தி வந்தது. என் நம்பரை யார் கொடுத்தது என்று போனை அணைத்து வைத்தார். அடுத்த நிமிஷம் அதே செய்தி லில்லியின் போனுக்கு வந்தது. சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

அன்று சாயங்காலமே அசன் மைதீன் கூப்பிட்டார். துணி வேண்டாம், தகரப் பந்தல் போட்டுவிடலாம். மழையை விடுங்கள், காற்று சேர்ந்து வரும் என்று சொல்கிறார்கள். எதுவானாலும் சனிக்கிழமை ஆறு மணிக்குள் சொன்னால்தான் ஞாயிறு கோயில் முடிந்ததும் கட்ட முடியும் என்றார். நேசையா பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார். துணியை விடத் தகரத்துக்கு வாடகை கூட. மழை வரும் என்று சொன்னால் யாருக்கு லாபம்? பந்தல்காரர்களுக்கு. அந்த அறிக்கைக்கே இவர்கள்தான் ஏதாவது கொடுத்திருப்பார்களோ என்று கேட்டார்.

"வானத்துக்கு யாருங்க குடுப்பா?" என்றாள் லில்லி. "பேசாமத் தகரத்தப் போடச் சொல்லுங்க. சேரன்மாதேவிக்காரவ இலையில ஒரு சொட்டு விழுந்தா ஆயுசுக்கும் நம்ம பிள்ளைக்குத்தான் சொல்லு."

அது நேசையாவுக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஆனால் கிங்ஸ்லியின் தாய்மாமன் ஞானையா, ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர், மரியாதை விஷயத்தில் அளவு நாடாவோடு திரிகிற ஆள். நிச்சயத்தன்று காப்பி டம்ளரின் சூட்டைப் பற்றியே கால் மணி நேரம் பேசியவர். அந்த நிச்சயத்தன்றுதான், நாம் என்ன குறைந்த ஆளா என்று, "ஒன்பது வருஷம் மழைத் துறையே என் கையிலதான் இருந்தது" என்று நேசையாவும் ஒரு போடு போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை டவுன் பஸ் பிடித்து மேலப்பாளையம் போனார். அசன் மைதீனைப் பார்க்க அல்ல, அவருக்குத் தெரியாமல் குடோனைப் பார்க்க. தகரம் அடுக்கினபடி சும்மா கிடந்தால், அதைத் தள்ளிவிடக் கட்டின கதை மழை. குடோன் காலியாக இருந்தால், மற்றவர்களும் நம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது மற்றவர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நேசையாவின் சோதனைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

எதிர் டீக்கடையில், வாழைத்தாருக்குப் பின்னால் நின்றுகொண்டார். வேலையாள் ரசீத் தகரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று டீக்கடைக்காரரிடம் நைசாகக் கேட்டார். கல்யாண வீடுகளுக்கு என்றார் அவர். இந்த ஆளுக்கும் பங்கு இருக்குமோ என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.

"சார்வாள், மூணு டீ ஆச்சு. நாலாவத இங்கன வந்து குடிங்களேன்" என்று குடோனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அசன் மைதீன் ஐம்பது தாண்டிய, மெலிந்த மனிதர். உள்ளே மூலையில் கொஞ்சம் தகரம்தான் மிச்சம் இருந்தது. அதைக் காட்டி, உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், வேறு இரண்டு பேர் கேட்டும் கொடுக்கவில்லை என்றார். எனக்கென்று ஏன் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் நேசையாவுக்கு முதலில் தோன்றியது. தகரத்தில் இடி விழாதா என்று கேட்டார். கம்பி இறக்கி மண்ணில் புதைத்துவிடுவோம் என்றார் அசன் மைதீன். அறிக்கையின் மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று நேசையா கேட்டார்.

"அறிக்கையும் பாப்பேன், மேக்க மலையும் பாப்பேன். ரெண்டுல ஒண்ணு சொன்னாலும் தகரம்தான்" என்ற அசன் மைதீன், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொன்னார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அந்தக் கரையில் அவருடைய வாப்பாவுக்கு எண்ணூறு வாழை நின்றது, எல்லாம் குலை தள்ளினது. சித்திரையில் ஒரு மத்தியானம் அரை மணி நேரக் காற்று மழை. ஒன்று விடாமல் கழுத்து ஒடிந்து விழுந்தது. நிவாரணம் கேட்டு மனு போட்டார்கள். அந்தத் தேதியில் மழை எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. யார் பதிவு செய்வது என்று ஆபீசில் போய்க் கேட்டபோது, பியூன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

"நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீய. போய்க் கேப்போம்னேன். வாப்பாதான், விடுலே, அவரு சைபர் போட்டதுக்கு நாம என்ன செய்யன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க. வயல வித்துத்தான் இந்தத் தொழிலு. அதுக்கப்புறம் வானத்த நான் யாருகிட்டயும் விட்டு வைக்கதில்ல."

சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அந்த மனு நேசையாவுக்கு லேசாக ஞாபகம் இருந்தது. பதிலைத் தட்டச்சு அடித்தவரும் அவரே. அன்று டீக்காரர் தலை காய்ந்திருந்தது. இந்த மனிதர் அதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டே ஸ்டெபியின் ஞானஸ்நானத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறார், நேசையாவின் அம்மா அடக்கத்துக்கு நாற்காலி அனுப்பியிருக்கிறார்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல, பாய்?"

"நீங்க கேக்கலியே, சார்வாள்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு முழுப் பந்தலும் தகரம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். நேசையா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இருபத்தாறு வருஷம் ஒருவன் பகையை மடியில் கட்டிக்கொண்டு சிரிக்கிறான் என்றால் எதற்குக் காத்திருக்கிறான்? தகரம் போட்டு மழை வராவிட்டால், மழை எழுதினவனே மழைக்கு ஏமாந்தான் என்று அவன் சிரிப்பான். துணி போட்டு மழை வந்தால், சொன்னேனே என்று ஊர் கேட்கச் சிரிப்பான். இரண்டிலும் மாட்டாத வழி என்ன என்று யோசித்து யோசித்து, வீட்டு வாசலில் இறங்கும்போது கண்டுபிடித்துவிட்டார். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் போட்டார். பாதி தகரம், பாதி துணி.

"பாதிக் குடைன்னு உலகத்துல உண்டா, சார்வாள்?" என்று மட்டும் அசன் மைதீன் கேட்டார்.

"நான் சொல்லுதபடி கட்டும்" என்றார் நேசையா.

ஞாயிறு மத்தியானம் ரசீத் ஆட்களோடு வந்து கட்டினார். கோயில் பக்கம் தகரம், ரோட்டுப் பக்கம் துணி, நடுவில் ஒரு கயிறு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தலையில் பாதியை மட்டும் சிரைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். மரியாதை கருதி மாப்பிள்ளை வீட்டாருக்குத் தகரம், நம் வீட்டாருக்குத் துணி என்று நேசையா பங்கு பிரித்தார். மழை வந்தால் சம்பந்தி நனைய மாட்டார்; வராவிட்டால் தகர வாடகையில் பாதி மிச்சம். லில்லிகூட இதில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை.

திங்கட்கிழமை மேகம் என்று ஒன்று கிடையாது. தாலி நல்லபடியாக ஏறியது. பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. சேரன்மகாதேவிக்காரர்கள் தகரத்தின் கீழ் உட்கார்ந்தார்கள். சித்திரை வெயிலில் தகரம் கொதித்தது. பட்டுச் சேலைகளில் உப்பு பூத்தது. பத்தடி தள்ளித் துணியின் கீழ் பெண் வீட்டார் சிலுசிலுவென்று காற்று வாங்கிக்கொண்டிருந்ததை இவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஞானையா முதலில் கைக்குட்டையால் விசிறினார். பிறகு இலையால் விசிறினார். பிறகு எழுந்தார்.

"சம்பந்தி, பிரியாணி அடுப்புல வேகணும். எங்களையும் சேத்து ஏன் வேக வைக்கீரு?"

மழை வரும் என்று சொல்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் நேசையா. ஞானையா பந்தலுக்கு வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். நாலு நாளாக மழை வராது என்று ஊரெல்லாம் சொன்னது நீர்தானே என்று கேட்டார். கேட்ட கையோடு தன் ஆட்களைத் துணிப் பக்கம் போகச் சொன்னார். இரண்டு பக்கமும் எழுந்து, இலை தண்ணீரோடு இடம் மாறினார்கள். அசன் மைதீன் தூணில் சாய்ந்து மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரியாணி பரிமாறி, ஆட்டுக்கறிக் குழம்பு வந்து, ஞானையா முதல் உருண்டையை வாயில் வைத்தபோது மேற்கே ஒரு உறுமல். லாரி என்று நினைத்தார்கள். அடுத்து புழுதிக் காற்று. துணிப் பந்தல் கப்பல் பாய் போல உப்பியது. ரசீத்தும் ஆட்களும் கயிற்றில் தொங்கினார்கள். தலைக்கு மேல் இடி வெடித்ததும் மழை கொட்டியது. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் ஜெபம்கூடக் கேட்காது. துணியோ தண்ணீரைப் பிடித்து, மாட்டு மடி போல நடுவில் தொங்கியது. கிழிந்துவிடக் கூடாது என்று ரசீத் மூங்கிலால் கீழிருந்து குத்தித் தள்ளினார். மடி சரிந்து, குடம் குடமாக ஞானையா தலையிலும் கிங்ஸ்லி அம்மாவின் இலையிலும் இறங்கியது.

சேரன்மகாதேவிக்காரர்கள் நனைந்தபடி எழுந்து நின்றார்கள். தகரத்தின் கீழ் பெண் வீட்டார் காய்ந்தபடி, கையில் கறித்துண்டோடு அவர்களைப் பார்த்தார்கள்.

நேசையா மழையில் ஓடி வந்தார். ஞானையா தலையைக்கூடத் துடைக்கவில்லை.

"ஒன்பது வருஷம் மழைத் துறை உம்ம கையில. எப்ப பெய்யும்னு உமக்குத் தெரியாதா? மரியாதைக்குத் தகரத்தக் குடுக்க மாதிரி குடுத்து, வெயில்ல வேக வச்சு, நாங்களா எந்திரிச்சுத் துணிக்குள்ள போவ வச்சிட்டீரு. வண்டிய எடுக்கச் சொல்லுங்கலே. ஒருத்தரும் கை நனைக்க வேண்டாம்."

கல்யாண வீட்டில் சாப்பிடாமல் போவது என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த வேனில்தான் ஸ்டெபியும் ஏற வேண்டும். அவள் கோயில் வாசலில் கிங்ஸ்லி பக்கத்தில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லில்லி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

ஞானையா சொன்ன கணக்கு ஒவ்வொரு படியாகச் சரியாக இருந்தது. தனக்கு வேறு ஒருவன் இதைச் செய்திருந்தால் நேசையாவும் இதே மாதிரிதான் கூட்டிக் கழித்திருப்பார். இல்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டார். சுற்றிலும் பார்த்தார். அசன் மைதீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் வந்தார்.

"மாஸ்டர் சார், இவருக்கு மழையப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவரு எழுதின சைபர்ல எனக்கு எண்ணூறு வாழை போச்சு. தகரம் போடுங்கன்னு நான் மூணு நாளாக் கெஞ்சினேன். தெரிஞ்ச ஆளுன்னா முழுசும்லா போட்டிருப்பாரு."

ஞானையா நேசையாவைத் திரும்பிப் பார்த்தார். "நெசமாவே?"

குருவானவர் நின்றுகொண்டிருந்தார். பழைய ஆபீஸ்காரர்கள் நான்கு பேர் பந்தியில் இருந்தார்கள். ஒன்பது வருஷமாக மேலே அனுப்பின புள்ளி நாலுகள் எல்லாம் நேசையாவின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஸ்டெபியைப் பார்த்தார்.

"நெசந்தான், சம்பந்தி. மழைமானி பக்கம் நான் போனதே இல்ல. டீக்காரரு தலையப் பாத்துத்தான் எழுதினேன்."

மழைச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். ஞானையாவின் முகத்தில் முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு மீசையின் ஒரு பக்கம் ஆடியது.

"டீக்காரன் குடை பிடிச்சிட்டு வந்தா என்ன செய்வீரு?"

"சைபர் போடுவேன்."

டிரில் மாஸ்டர் சிரித்தார். விசில் மாதிரி ஆரம்பித்து, இருமலாக முடிந்த சிரிப்பு. அக்காவைப் பார்த்து, "இந்த ஆளுக்குத் திட்டம் போடுத அளவுக்கு அறிவு கிடையாதுக்கா, வா, சாப்பிடுவோம்" என்றார். கிங்ஸ்லியின் அம்மா சிரிக்கவில்லை. ஸ்டெபி இறங்கி வந்து, சாயங்காலம் உடுத்த வைத்திருந்த புதுச் சேலையை எடுத்துக்கொண்டு, மாமியாரை வேதப் பள்ளி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் வெளியே வரும்போது அந்த அம்மாள் மகன் பெண்டாட்டி சேலையில் காய்ந்து நின்றார். அதற்கு மேல் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

இரண்டு வீட்டாரும் தகரத்தின் கீழேயே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் இடித்துச் சாப்பிட்டதில், யார் எந்த வீட்டார் என்று பரிமாறுகிறவர்களுக்கே தெரியவில்லை. நேசையா நனைந்த சட்டையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். இலை முன்னால் உட்கார்ந்திருந்த அசன் மைதீன் பக்கம் வந்தபோது ஜக்கைப் பிடித்தபடி நின்றார். எதற்காகக் காப்பாற்றினீர் என்று கேட்க வாய் வந்தது. கேட்டது வேறு.

"அந்த எண்ணூறுல ஒண்ணுகூட மிஞ்சலியா, பாய்?"

"ஒண்ணுகூட இல்ல, சார்வாள். பைய ஊத்துங்க, இலையில படுது."

மூன்று மணிக்கு மழை நின்றது. வேன் கிளம்பும் நேரம். ஸ்டெபி அழுது முடித்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டிலிருந்து ஞானையா தலையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தி, போற வழியில மழை உண்டுமா?" என்றார். வேன் முழுக்கச் சிரித்தது.

நேசையா ரோட்டின் நடுவுக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே மலையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அது போதாமல், தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அசன் மைதீனின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு வேனுக்குத் திரும்பி வந்தார்.

"இருக்காது. எதுக்கும் கண்ணாடிய ஏத்திக்கிடுங்க."